டிபி பெட்டியை மூடிவிட்டு வந்த பிறகு: தனியாள் வயர்மேனுக்கு எந்தக் காப்புறுதி?

வாசகர் கேள்வி (சுருக்கியிருக்கிறேன்): "அக்கா, எனக்கு வயது 32. பிறையில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் வயர்மேனாக இருந்தேன், மூன்று ஃபேஸ் தகுதிச் சான்றிதழ் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு எஸ்எஸ்எம்மில் வியாபாரம் பதிந்து தனியாகச் செய்கிறேன். வீட்டு வயரிங், டிபி (மின் பகிர்வுப் பெட்டி) மாற்றுவது, ஏர்கோன் பாயிண்ட், சாப்பாட்டுக் கடைகளுக்கு மூன்று ஃபேஸ், இப்படி. ஆள் தேவைப்பட்டால் சித்தப்பா மகனை நாள் சம்பளத்துக்குக் கூப்பிட்டுக்கொள்வேன். பழைய வேன் ஒன்று, அதில் 18,000 ரிங்கிட் பெறுமான சாமான். இப்போது பாயான் லெப்பாசில் ஒரு கொண்டோ வீட்டுக்கு முழு வயரிங் வேலை கிடைத்திருக்கிறது. காப்புறுதிக் கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்கிறது மேனேஜ்மெண்ட். தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் 'எஸ்எம்இ பேக்கேஜ்' என்று வருடத்துக்கு 1,480 ரிங்கிட்டுக்கு ஒன்று காட்டுகிறார். தீ, திருட்டு, பணம், கண்ணாடி, பப்ளிக் லயபிலிட்டி எல்லாம் இருக்கிறதாம். எடுக்கலாமா? மனைவி, இரண்டு வயதுப் பிள்ளை, லோனில் ஒரு வீடு. வீணாகப் பணம் கட்டவும் மனமில்லை, இல்லாமல் போகவும் பயமாக இருக்கிறது."

தம்பி, அந்த பேக்கேஜில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏஜெண்ட் உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, அது கடை வைத்திருப்பவருக்குச் செய்த பாலிசி. கல்லாவில் பணம், முன்பக்கம் கண்ணாடி, உள்ளே சரக்கு இருக்கிற ஒருவருக்கு அது நல்ல சாமான்தான். உங்களுக்குக் கடையும் இல்லை, கல்லாவும் இல்லை. அதில் பப்ளிக் லயபிலிட்டி, அதாவது வெளியாட்களுக்கு ஆகும் சேதத்துக்கான பொறுப்புக் காப்புறுதி, இருக்கிறதே என்று கேட்பீர்கள். இந்த மாதிரிப் பேக்கேஜ்களில் அந்தப் பகுதி பெரும்பாலும் பாலிசியில் எழுதியிருக்கும் முகவரிக்கு மட்டும்தான் பொருந்தும். கடைக்குள் வந்த வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் கொடுப்பார்கள், நீங்கள் பாயான் லெப்பாஸ் கொண்டோவில் ஒரு சுவரைத் துளைக்கும்போது தண்ணீர்க் குழாய் உடைந்து கீழ்வீட்டுக் கூரை ஊறிப்போனால் கொடுக்கமாட்டார்கள். அந்த ஏஜெண்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த லயபிலிட்டி என் முகவரிக்கு மட்டுமா, நான் வேலை செய்யப்போகிற எல்லா இடத்துக்குமா? பாலிசியில் எந்த வரியில் இருக்கிறது?" வரியைக் காட்டட்டும். வாய்வார்த்தை வேண்டாம்.

உங்கள் தொழிலில் ஆபத்து எப்போது வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெயிண்டர் வேலை செய்யும்போது வாளி கவிழ்ந்தால் அப்போதே தெரியும். உங்கள் வேலையில் டிபி பெட்டியை மூடி, சோதித்துக் காட்டி, பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகுதான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. சில நேரம் மூன்று வாரம் கழித்து, சில நேரம் இரண்டு வருடம் கழித்து. அதனால் உங்களுக்கு முதலில் வேண்டியது வேலை முடிந்து ஒப்படைத்த பிறகும் கூடவே வரும் பொறுப்புக் காப்புறுதி. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம், உங்களுக்கே நன்றாகத் தெரிந்தது. பட்டர்வொர்த்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மூன்று ஃபேஸ் டிபி போடுகிறீர்கள். உள்ளே வரும் நியூட்ரல் கம்பியின் திருகு முழுசாக இறுகவில்லை. சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், 230 வோல்ட் காட்டும். கடையில் சில்லரும் ஏர்கோனும் ஓட ஓட அந்த முனை சூடாகி ஆறி, சூடாகி ஆறி, மெல்லத் தளர்ந்துகொண்டே போகும். ஒருநாள் மத்தியானக் கூட்டத்தில் நியூட்ரல் விட்டுப்போகிறது. அப்போது சுமை அதிகமாக இருக்கும் ஃபேஸில் வோல்டேஜ் விழும், சுமை குறைவாக இருக்கும் ஃபேஸில் 400 வோல்ட்டை நோக்கி ஏறும். அந்தப் பக்கம் மாட்டியிருந்த பணப்பதிவு இயந்திரம், டிவி, சிசிடிவி, ஐஸ் பெட்டியின் போர்டு எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். சேதம் இத்தோடு நின்றால் அதிர்ஷ்டம். சூடான முனையில் இன்சுலேஷன் கருகித் தீப்பிடித்தால் கணக்கு வேறு.

கடைக்காரர் உங்கள் பெயரைத்தான் சொல்வார். அவர் நல்ல மனிதர், தெரிந்தவர், விட்டுவிடுவார் என்று நம்பினாலும் அவருடைய காப்புறுதி நிறுவனம் விடாது. அவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு, அவருடைய உரிமையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, சேதத்துக்குக் காரணமானவரிடம் அந்தப் பணத்தை வசூலிக்க வரும். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. இப்படி வரும் வக்கீல் கடிதத்தைப் பார்த்துத்தான் பல சிறு குத்தகையாளர்கள் காப்புறுதி என்றால் என்ன என்று முதல்முறையாகக் கேட்கிறார்கள். அப்போது எடுக்கும் பாலிசி அந்தச் சம்பவத்துக்கு உதவாது.

நீங்கள் பதிந்திருப்பது தனியாள் வியாபாரம், சென்டிரியான் பெர்ஹாட் இல்லை. வியாபாரத்தின் கடன் உங்கள் கடன், பிரித்துப் பார்க்க வழியில்லை. தீர்ப்பு வந்தால் சேமிப்பு, வேன், வீட்டில் உங்கள் பங்கு எல்லாம் அதற்குள் வரும். தீபகற்பத்தில் ஒப்பந்த மீறலுக்கும் கவனக்குறைவுக்கும் வழக்குப் போட 1953-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் ஆறு வருடம் கொடுக்கிறது. 2019-இலிருந்து, வெளியே தெரியாமல் மறைந்திருந்த சேதம் என்றால் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம், மொத்தத்தில் பதினைந்து வருடம் வரை நீளலாம். உங்கள் கையெழுத்து வேறு மேற்பார்வைச் சான்றான பாராம் ஜி-யிலும் சோதனைச் சான்றான பாராம் எச்-சிலும் இருக்கும். யார் மேற்பார்த்தார், யார் சோதித்தார் என்று தேட வேண்டிய வேலையே இருக்காது.

சரி, என்ன எடுப்பது?

பப்ளிக் லயபிலிட்டியைத் தனிப் பாலிசியாக, மின் குத்தகையாளர் என்ற தொழில் விவரத்தோடு எடுங்கள். அதோடு, வேலை முடிந்த பின் வரும் சேதத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் இதைப் 'புரொடக்ட்ஸ் லயபிலிட்டி' என்று தனியாகச் சேர்க்கும், சிலது 'கம்ப்ளீட்டட் ஆபரேஷன்ஸ்' என்று ஒரு இணைப்புத் தாளாகக் கொடுக்கும். பெயர் எதுவானாலும் சரி, "வேலையை ஒப்படைத்து மூன்று மாதம் கழித்துத் தீப்பிடித்தால் இந்தப் பாலிசி பதில் சொல்லுமா" என்று மின்னஞ்சலில் கேட்டு, ஆம் என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரும்பாலும் இந்தப் பாலிசிகள் சேதம் நடந்த தேதியைத்தான் பார்க்கும், நீங்கள் வேலை செய்த தேதியைப் பார்க்காது. இந்த வருடம் போட்ட வயரிங்கில் அடுத்த வருடம் தீப்பிடித்தால் அடுத்த வருடப் பாலிசிதான் கொடுக்க வேண்டும். வேலை குறைந்த வருடம் என்று புதுப்பிக்காமல் விட்டால் முந்தைய எல்லா வேலைக்கும் அன்றைக்கே பாதுகாப்புப் போய்விடுகிறது. தொழிலை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனாலும் உடனே நிறுத்தாதீர்கள், சில வருடத்துக்கு எப்படித் தொடர்வது என்று ஏஜெண்டிடம் கேளுங்கள்.

தொகை எவ்வளவு என்பதில் என் கருத்து: 10 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையக் கூடாது. நீங்கள் எடுக்கும் வேலை முப்பதாயிரம்தானே என்று நினைக்கலாம், ஆனால் சேதத்தின் அளவு உங்கள் பில்லைப் பார்த்து வராது. கொண்டோவில் ஒரு வீட்டில் பிடித்த தீ மேல் வீட்டுக்குப் போகும். ஜார்ஜ்டவுன் பழைய பகுதியில் வேலை கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும். லிட்டில் இந்தியா பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள், பல கடைவீடுகளில் மேல்தளம் பலகை, கூரை மரச்சட்டம், இரண்டு கடைக்கு நடுவில் ஒரே பொதுச்சுவர். உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்தான், பாதிக்கப்படுபவர்கள் ஒரு வரிசைக் கடைக்காரர்கள். பாலிசியில் இரண்டு எண் இருக்கும், ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருடம் முழுவதற்கும் எவ்வளவு என்று. இரண்டையும் கேளுங்கள். ஒவ்வொரு கிளைமிலும் முதலில் நீங்கள் கைக்காசாகக் கொடுக்க வேண்டிய தொகை ஒன்றும் இருக்கும், 'எக்ஸஸ்' என்பார்கள். பிரிமியம் மலிவாக இருந்தால் பெரும்பாலும் அந்தத் தொகைதான் உயர்ந்திருக்கும்.

இந்தப் பாலிசி எதைக் கொடுக்காது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், பிறகு கோபப்பட வேண்டாம். மேலே சொன்ன கடையில் எரிந்த டிவிக்கும் ஐஸ் பெட்டிக்கும் கொடுக்கும். நீங்கள் போட்ட டிபியைத் திரும்பப் போடும் செலவைக் கொடுக்காது, சரியாகச் செய்யாத வேலையைச் சரிசெய்வது உங்கள் பொறுப்பு. உங்கள் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் பொருளும், நீங்கள் அந்த நேரத்தில் கை வைத்துக்கொண்டிருக்கும் பொருளும் பெரும்பாலும் விலக்குதான். வாடிக்கையாளரின் வாட்டர் ஹீட்டரைக் கழற்றும்போது உங்கள் கையிலேயே உடைந்தால் அது உங்கள் செலவு. வெல்டிங், தீச்சுடர் வைத்துச் செய்யும் வேலை, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வேலை, மண்ணுக்கடியில் போகும் கேபிள் இதற்கெல்லாம் தனி நிபந்தனை இருக்கும். அந்த விலக்குப் பக்கத்தை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் படித்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

விண்ணப்பத் தாளில் தொழிலைப் பற்றி எழுதும்போது குறைத்து எழுதாதீர்கள். பிரிமியம் ஏறிவிடும் என்று "வீட்டு வயரிங்" என்று மட்டும் போட்டுவிட்டு பேக்டரி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி தனிமனிதர் தன் குடும்பத்துக்கு எடுக்கும் காப்புறுதிக்கும் தொழிலுக்கு எடுக்கும் காப்புறுதிக்கும் விதி வேறு. தொழிலுக்கு எடுக்கும்போது, கேட்காவிட்டாலும் முக்கியமானது என்று உங்களுக்குத் தெரிந்ததை நீங்களாகவே சொல்ல வேண்டும். கடைகளுக்கு மூன்று ஃபேஸ் செய்கிறேன், அப்புறம் கூரையில் சோலார் போடும் எண்ணமும் இருக்கிறது என்றால் இப்போதே எழுதுங்கள், புதிதாகத் தொடங்கினால் அன்றைக்கே தெரிவியுங்கள்.

இங்கே ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, உங்கள் கடிதத்தில் இல்லாத விஷயம். எஸ்எஸ்எம்மில் பதிந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) மின் குத்தகையாளராகப் பதிந்துவிட்டீர்களா? உங்கள் வயர்மேன் சான்றிதழ் உங்கள் தகுதிக்கு, குத்தகையாளர் பதிவு உங்கள் தொழிலுக்கு. இரண்டும் வேறு வேறு. பெரும்பாலான பொறுப்புக் காப்புறுதிகளில் "சட்டம் கேட்பதைக் கடைப்பிடிக்க வேண்டும்" என்ற அர்த்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கும், பெரிய கிளைம் வரும்போது அதைத்தான் முதலில் புரட்டுவார்கள். பதிவு இல்லாமல் பாலிசி மட்டும் வைத்திருப்பது ஓட்டைப் படகுக்குத் துடுப்பு வாங்குவது போலத்தான். இன்னும் பதியவில்லை என்றால் கொண்டோ வேலைக்கு முன்பே அதை முடியுங்கள். கட்டுமானத் தளங்களுக்குள் போகப்போகிறீர்கள் என்றால் சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவும் அதன் பச்சை அட்டையும் கேட்பார்கள், அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் உடம்பு. கம்பெனியில் இருந்தபோது சொக்சோ தானாகப் பிடித்தார்கள், வெளியே வந்ததும் அது நின்றுவிட்டது. இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். சொக்சோவை நடத்தும் பெர்கேசோவில் சுயதொழில் செய்பவர்களுக்கென்று 2017-ஆம் ஆண்டு சட்டத்தின்கீழ் தனித் திட்டம் இருக்கிறது. வருடச் சந்தா குறைந்த பிரிவில் 157.20 ரிங்கிட், மேல் பிரிவில் 592.80 ரிங்கிட். மேல் பிரிவை எடுங்கள். அதில் மாத வருமானம் 3,950 என்று கணக்கில் எடுப்பார்கள். வேலையில் விபத்து நடந்து தற்காலிகமாக வேலை செய்ய முடியாவிட்டால் அதில் 80 விழுக்காட்டை நாள் கணக்கில் கொடுப்பார்கள், அதாவது ஒரு நாளைக்கு நூறு வெள்ளிக்குச் சற்று மேல். சிகிச்சை, நிரந்தர ஊனம், உயிரே போனால் மனைவி பிள்ளைக்கு மாதாமாதம் பணம் எல்லாம் அதில் வரும். இந்த விலைக்கு இதைவிட நல்லது வெளியே கிடைக்காது, இதைத் தள்ளிப்போட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் வேலை சம்பந்தமான விபத்துக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகும்போது கை உடைந்தாலும் திங்கட்கிழமை ஏணி ஏற முடியாதே, அதற்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்று சேருங்கள். அதில் தொழில் வகுப்பு என்று ஒரு கட்டம் இருக்கும், அலுவலக வேலைக்காரரும் வயர்மேனும் ஒரே வகுப்பு இல்லை. உங்களுடைய சரியான வகுப்பில் போடச் சொல்லுங்கள். தவறான வகுப்பில் மலிவாக எடுத்துவிட்டுக் கிளைமில் அடிபட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பா மகன் விஷயத்தைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நாள் சம்பளம் கொடுத்தாலும், சொந்தக்காரன் என்றாலும், உங்களிடம் கூலிக்கு வேலை செய்தால் அவர் தொழிலாளி, நீங்கள் முதலாளி. முதல் ஆளை வேலைக்கு வைத்த 30 நாளுக்குள் பெர்கேசோவில் முதலாளியாகப் பதிந்து அவருக்குச் சந்தா கட்ட வேண்டும், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள். உங்கள் பப்ளிக் லயபிலிட்டி உங்கள் சொந்தத் தொழிலாளிக்குக் கொடுக்காது, அது வெளியாட்களுக்கு. ஏணியிலிருந்து அந்தப் பையன் விழுந்தால் சொக்சோ இருந்தால் ஆஸ்பத்திரியும் ஊதியமும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் அது மொத்தமும் உங்கள் தலையில், கூடவே சட்டப்படி அபராதமும். சித்தப்பா வீட்டு உறவு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேன் எந்தக் காப்புறுதியில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, பழைய வேன் என்றால் முந்தைய உரிமையாளர் வைத்திருந்தபடியே தனியார் உபயோகம் என்று இருக்க வாய்ப்பிருக்கிறது. ரோட் டாக்ஸோடு வரும் அந்தப் பாலிசித் தாளை எடுத்து, உபயோகம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தொழிலுக்கு ஓட்டும் வண்டியைத் தொழிலுக்கு என்று காப்புறுதி செய்ய வேண்டும். அப்புறம் வேனுக்குள் இருக்கும் சாமான் வாகனக் காப்புறுதியில் வராது. வேனையே தூக்கிக்கொண்டு போனாலும் வேனுக்குத்தான் பணம், உள்ளே இருந்த மெகர் மீட்டருக்கும் டிரில்லுக்கும் கேபிள் சுருளுக்கும் இல்லை.

கருவிகளுக்குத் தனிக் காப்புறுதி எடுக்கலாம், ஆனால் பணம் குறைவாக இருந்தால் இதைத்தான் நான் கடைசியில் வைப்பேன். 18,000 வெள்ளிச் சாமான் போனால் வலிக்கும், ஆனால் அதிலிருந்து மீண்டு வந்துவிடுவீர்கள், இரண்டு லட்ச ரிங்கிட் தீர்ப்பிலிருந்து மீள்வது அப்படியில்லை. எடுத்தால் முழு மதிப்புக்கு எடுங்கள். பாதிக்கு எடுத்தால் பாதிதான் கொடுப்பார்கள்: 18,000 பெறுமான சாமானை 9,000 என்று காப்புறுதி செய்து, அதில் 6,000-க்குத் திருடு போனால் கைக்கு வருவது 3,000, ஏனென்றால் மீதிப் பாதிக்கு நீங்களே பொறுப்பு என்று கணக்குப் போடுவார்கள். ஆளில்லாத வண்டியில் இரவில் வைத்துத் திருடு போனால் உண்டா, பூட்டு உடைத்த அடையாளம் இருக்க வேண்டுமா என்று கேளுங்கள், பல பாலிசிகளில் இரவு நேரம் விலக்கு. வெள்ளமும் தானாக வராது, சேர்த்துக் கேட்க வேண்டும். 2017 நவம்பரில் பினாங்கில் வந்த வெள்ளத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேனுக்கும் அதே கதைதான், வெள்ளத்துக்கு என்று கூடுதலாகக் கட்டினால்தான் உண்டு.

இப்போது கொண்டோ மேனேஜ்மெண்ட். அவர்கள் கேட்பது என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். பப்ளிக் லயபிலிட்டியா, 'கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்' என்று சொல்லும் வேலைக்கான காப்புறுதியா, எவ்வளவு தொகைக்கு, பாலிசியில் அவர்கள் பெயரும் வர வேண்டுமா? இரண்டாவது வகை ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் எடுப்பது. நடுவில் வேலை சேதமானால் அந்த வேலைக்கும், வெளியாட்களுக்கு ஆகும் சேதத்துக்கும் கொடுக்கும், வேலை முடிந்ததும் அதுவும் முடிந்துவிடும், பராமரிப்புக் காலம் என்று சில மாதம் சேர்த்திருந்தால் அதுவரை. வீட்டுக்காரர் ரெனவேஷனுக்கு வேறொரு முதன்மைக் குத்தகையாளர் வைத்திருந்தால் அவரிடம் ஏற்கனவே இது இருக்கலாம், அதில் துணைக் குத்தகையாளர்களும் அடக்கம் என்று எழுதியிருந்தால் நீங்கள் இன்னொன்று வாங்க வேண்டாம், அந்தத் தாளின் நகலை மட்டும் வாங்கி வையுங்கள். என்னைக் கேட்டால், மேனேஜ்மெண்டிடம் வருடாந்திரப் பப்ளிக் லயபிலிட்டி போதுமா என்று முதலில் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் இந்த வேலைக்குக் கட்டும் பணம் அடுத்த பத்து வேலைக்கும் உழைக்கும். அரசாங்க வேலைக்கு டெண்டர் போடும் நாள் வந்தால் வேலைக்கான காப்புறுதி, பப்ளிக் லயபிலிட்டி, சொக்சோ மூன்றும் கேட்பார்கள், 5 விழுக்காடு உத்தரவாதப் பத்திரமும் கேட்பார்கள். அதை அப்போது பார்க்கலாம்.

வாங்கும்போது குறைந்தது மூன்று நிறுவனத்தின் விலையைக் கேளுங்கள், இஸ்லாமிய முறைக் காப்புறுதியான தக்காபுல் நிறுவனங்களும் இதே வகை கொடுக்கின்றன, முஸ்லிம்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பேங்க் நெகாராவின் உரிமம் பெற்ற நிறுவனமா, ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சொல்லும் விலையில் 8 விழுக்காடு சேவை வரியும் 10 ரிங்கிட் முத்திரை வரியும் சேர்ந்ததா சேராததா என்று கேட்டுத்தான் ஒப்பிட வேண்டும். பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கே கட்டுங்கள், ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம். பாலிசி கைக்கு வந்துவிட்டது, மெதுவாகக் கட்டலாம் என்றும் விட்டுவிடாதீர்கள், வாகனம் தவிர்த்த இந்த மாதிரிப் பாலிசிகளில் 60 நாளுக்குள் பிரிமியம் போகாவிட்டால் அது தானாகவே ரத்தாகிவிடும்.

ஒவ்வொரு வேலையிலும், மூடுவதற்கு முன் டிபியைத் திறந்தபடியே படம் எடுங்கள், ஒவ்வொரு முனையும் தெரிகிற மாதிரி. இன்சுலேஷன் சோதனை, எர்த் சோதனை எண்களை வீட்டு எண்ணோடும் தேதியோடும் எழுதி வையுங்கள். வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டீர்கள் என்றால் அந்தப் படமும் இருக்கட்டும். வாடிக்கையாளர் பணம் மிச்சம் பிடிக்க அதை வேண்டாம் என்றால் அந்த வேலையை எடுக்காதீர்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு புலனாய்வாளர் வந்து நிற்கும்போது, நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள், பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது இது மட்டும்தான். போனை மாற்றும்போது படங்கள் போய்விடாமல் வேறொரு இடத்திலும் சேமித்து வையுங்கள்.

சம்பவம் நடந்துவிட்டால், முதலில் ஆட்களின் பாதுகாப்பைப் பாருங்கள், அப்புறம் அன்றைக்கே காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாடிக்கையாளரிடம் அனுதாபமாகப் பேசுங்கள், ஆனால் "என் தப்புதான், நான் கொடுத்துவிடுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், பாதிப் பணத்தைக் கொடுத்துச் சமரசமும் செய்யாதீர்கள். நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் அவர்கள் ஒதுங்கிக்கொள்ள பாலிசியிலேயே இடம் இருக்கிறது. எரிந்த டிபியை அவர்கள் ஆள் பார்க்கும் வரை யாரும் கழற்றி வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளைமை நியாயமில்லாமல் மறுத்தார்கள் என்று நினைத்தால் முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்களுடைய இறுதிப் பதிலும் திருப்தி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2025 ஜனவரியிலிருந்து எஃப்எம்ஓஎஸ் என்ற பெயரில் இயங்குகிறது, உங்களைப் போன்ற சிறு வியாபாரிகளின் புகாரையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் 1,480 ரிங்கிட் கணக்குக்கு வருவோம். அதே பணத்தை எடுத்து, இந்த வாரமே பெர்கேசோ மேல் பிரிவைக் கட்டுங்கள், மீதியை வைத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் செல்லுகிற, ஒப்படைத்த பிறகும் தொடர்கிற பப்ளிக் லயபிலிட்டிக்கு விலை கேளுங்கள். கொஞ்சம் மேலே போனால் போகட்டும், கொண்டோ வேலையின் விலையில் அதைச் சேர்த்துப் போடலாம், எல்லாக் குத்தகையாளரும் அப்படித்தான் செய்கிறார்கள். சித்தப்பா மகனுக்குப் பதிவு செய்யாமல் அந்த வேலைக்கு அவரை அழைத்துப் போகாதீர்கள். விபத்துக் காப்புறுதியை இந்த இரண்டும் முடிந்த கையோடு பாருங்கள், வேனை அடுத்த புதுப்பிப்பில் மாற்றாமல் இப்போதே ஏஜெண்டிடம் சொல்லி உபயோகத்தைத் திருத்துங்கள், கருவிகளுக்கு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். மூன்று நிறுவனத்தின் விலையும் நிபந்தனைத் தாள்களும் வந்ததும், எதில் தயக்கமோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.